பெஞ்ச் சப்ளையில் ஓவர்கரண்ட் கட்டாஃப் போட்ட பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது

காவேரிப்பட்டணத்தில் என் வீட்டு முன்னறை மேஜையில் இருக்கும் பெஞ்ச் சப்ளை (வேண்டிய வோல்டேஜ் வைத்துப் போர்டுகளைச் சோதிக்கும் பவர் சப்ளை) நானே செய்தது. பேட்டரி ஸ்ப்ரேயர், அதன் சார்ஜர், எல்இடி டிரைவர், மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டு என்று சுற்றுப்பக்கத்துத் தோட்டக்காரர்கள் கொண்டுவருவதை எல்லாம் அதில் மாட்டித்தான் பார்ப்பேன். ரொம்ப நாள் கட்டாஃப் (கரண்ட் அளவு தாண்டினால் அவுட்புட்டைத் துண்டிக்கும் சர்க்யூட்) இல்லாமலே ஓட்டினேன், வோல்டேஜ் ரெகுலேட்டரான எல்எம்338 ஐசிக்கு உள்ளேயே கரண்ட் லிமிட் இருக்கிறதே என்ற நம்பிக்கை. மாங்காய் சீசனில் மருந்தடிக்கிற அவசரத்தில் ஒருவர் கொண்டுவந்த சார்ஜர் போர்டில் மீட்டர் முள் வழுக்கி இரண்டு பாயின்ட்டைச் சேர்த்துவிட்டது, போர்டில் ட்ராக் எரிந்து கார்பனாகிவிட்டது. ஐசிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த லிமிட் 5 ஆம்பியரைத் தாண்டித்தான் பிடிக்கும், அது ஐசியைக் காப்பாற்ற வைத்தது, நாம் மாட்டும் போர்டைக் காப்பாற்ற இல்லை. அடுத்த வாரமே கட்டாஃப் சர்க்யூட் போட்டேன். போட்டதைவிட அதைச் சரியாக வேலை செய்ய வைக்கத்தான் நாளானது. பாலக்கோட்டில் ஸ்ப்ரேயர் பழுது பார்க்கும் தம்பி ஒருவரும் இதே சர்க்யூட்டைப் போட்டு, "அண்ணா, ஷார்ட் பண்ணாலும் கட் ஆக மாட்டேங்குது" என்று கூப்பிட்டார். எனக்கு வந்தது, அவருக்கு வந்தது இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் சர்க்யூட் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் கீழே உள்ளது புரியாது. 18 வோல்ட் 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், எல்எம்338, அதன் அவுட்புட்டில் 12 வோல்ட் சுகர் கியூப் ரிலேயின் என்.ஓ. கான்டாக்ட் (ரிலே இழுக்கும்போது மட்டும் சேருவது), அதற்குப் பிறகு சிவப்பு டெர்மினல். கருப்பு டெர்மினலில் இருந்து பெரிய கெப்பாசிட்டரின் நெகட்டிவுக்குப் போகும் வழியில் 0.1 ஓம் 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர், இதுதான் ஷன்ட். 1 ஆம்பியர் போனால் அதில் 100 மில்லிவோல்ட் விழும். அந்த வோல்டேஜ் 1 கிலோஓம் வழியாக, இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் ஐசியான எல்எம்358-ன் 3-ம் காலுக்குப் போகிறது. 2-ம் காலுக்கு ரெஃபரன்ஸ்: 7812 ரெகுலேட்டர் ஐசி கொடுக்கும் 12 வோல்ட்டில் இருந்து 39 கிலோஓம், அதற்குக் கீழே 1 கிலோஓம் பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்), அதற்குக் கீழே 47 ஓம். பாட்டின் மேல் முனையில் ஏறக்குறைய 0.3 வோல்ட் வரும், அதாவது 3 ஆம்பியர் வரை செட் செய்யலாம். (ஆனால் 3 ஆம்பியர் ஏசி டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து கெப்பாசிட்டர் ஃபில்டர் வழியாகத் தொடர்ந்து 2 ஆம்பியருக்கு மேல் டிசி எடுக்காதீர்கள், சூடாகிவிடும்.) ஷன்ட் வோல்டேஜ் ரெஃபரன்ஸைத் தாண்டினால் எல்எம்358-ன் 1-ம் கால் மேலே போய், 4.7 கிலோஓம் வழியாக பிடி169 என்ற சின்ன எஸ்சிஆரின் கேட்டைத் தட்டும். எஸ்சிஆர் என்பது கேட்டை ஒருமுறை தட்டினால் ஆன் ஆகி, தன் வழியாகப் போகும் கரண்ட் நிற்கும்வரை விடாத ஸ்விட்ச். எஸ்சிஆரின் ஆனோடு 1 கிலோஓம் வழியாக 12 வோல்ட்டில் தொங்குகிறது, அதே ஆனோடு புள்ளியில் இருந்துதான் ரிலேயை ஓட்டும் பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் இன்னொரு 4.7 கிலோஓம் வழியாகக் கரண்ட் போகிறது. எஸ்சிஆர் பிடித்தால் பேஸ் கரண்ட் நிற்கும், ரிலே விழும், அவுட்புட் துண்டாகும். ரீசெட் பட்டன் எஸ்சிஆருக்குக் குறுக்கே.

என்.சி. கான்டாக்டில் (ரிலே இழுக்காதபோது சேர்ந்திருப்பது) போட்டு, ட்ரிப் ஆனால், அதாவது கட்டாஃப் வேலை செய்தால், ரிலே இழுக்கிற மாதிரியும் செய்யலாம், பாகம் குறையும். நான் வேண்டாம் என்பேன். அப்படிச் செய்தால் 12 வோல்ட் சப்ளை செத்துப்போன அன்றைக்குப் பாதுகாப்பும் செத்திருக்கும், அவுட்புட் மட்டும் வந்துகொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியாது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். மீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து, ஷன்ட் ரெசிஸ்டரின் இரண்டு காலிலும் நேராக முள்ளை வையுங்கள். வயரில் இல்லை, டெர்மினலில் இல்லை, ரெசிஸ்டரின் காலிலேயே. லோடுக்கு 10 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி 5 வோல்ட் கொடுத்தால் அரை ஆம்பியர், 50 மில்லிவோல்ட் காட்ட வேண்டும். அடுத்து எல்எம்358-ன் 3-ம் காலுக்கும் 4-ம் காலுக்கும் நடுவே அதே எண் வருகிறதா என்று பாருங்கள். நான் ஐசி மாற்றினேன், எஸ்சிஆர் மாற்றினேன், ரிலே மாற்றினேன், கடைசியில் பார்த்தால் பாதிக்கு மேல் கோளாறு இந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போகாததில்தான் இருந்தது.

ஷார்ட் செய்தாலும் ட்ரிப் ஆகவில்லை

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பி வேலை செய்துகொண்டிருப்போம்.

10 ஓம் லோடு மாட்டியிருக்கும்போது ஷன்ட்டில் 50 மில்லிவோல்ட்டுக்குப் பதில் 5, 10 என்று காட்டினால் கரண்ட் வேறு வழியாகப் போகிறது. பாலக்கோட்டுத் தம்பிக்கு இதுதான். அவர் பெட்டியின் முகப்பில் சின்ன டிஜிட்டல் வோல்ட்-ஆம்ப் மீட்டர் ஒன்று வைத்திருந்தார், ஐந்து வயர் வரும் மலிவான மீட்டர். அதில் சப்ளைக்கு மெல்லிய சிவப்பு, மெல்லிய கருப்பு, கரண்ட் அளக்கத் தடித்த வயர்கள். நான் பார்த்தவற்றில் எல்லாம் மெல்லிய கருப்பும் தடித்த கருப்பும் உள்ளே ஒன்றாகத்தான் இருக்கின்றன, மல்டிமீட்டரை பீப்பில் வைத்துப் பார்த்தால் தெரியும். அவர் மெல்லிய கருப்பைப் பெரிய கெப்பாசிட்டரின் நெகட்டிவில் கொடுத்துவிட்டு, தடித்த கருப்பை ஷன்ட்டின் டெர்மினல் பக்கத்தில் கொடுத்திருந்தார். அப்படியென்றால் ஷன்ட்டின் இந்த முனையும் அந்த முனையும் மீட்டருக்குள்ளேயே சேர்ந்துவிட்டன, லோடு கரண்ட் பெரும்பாலும் அந்த மெல்லிய வயர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. வயரைத் தொட்டுப் பாருங்கள் என்றேன், சூடாக இருந்தது. இதற்கு நல்ல தீர்வு, மீட்டருக்கு மட்டும் தனி சப்ளை. பழைய போன் சார்ஜரைப் பிரித்து உள்ளே பொருத்திவிடலாம், 5 வோல்ட்டே அதற்குப் போதும். அதன் பிறகு மீட்டரின் தடித்த வயர்களை நெகட்டிவ் லைனில் எந்த இடத்தில் போட்டாலும் தொந்தரவு இல்லை.

இதே கோளாறு இரும்புப் பெட்டியாலும் வரும். கருப்பு டெர்மினலின் போல்ட் பெட்டியைத் தொடுகிறது, பெரிய கெப்பாசிட்டரின் நெகட்டிவையும் யாரோ பெட்டியில் முடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான், ஷன்ட்டுக்குக் குறுக்கே பெட்டியே வயராகிவிடும். பவரைப் பிடுங்கிவிட்டு, ஷன்ட்டின் ஒரு காலைக் கழற்றி, இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஓம் பாருங்கள். பீப் அடித்தால் வேறு பாதை இருக்கிறது என்று அர்த்தம்.

ஷன்ட்டில் மில்லிவோல்ட் சரியாக வந்து, எல்எம்358-ன் 1-ம் காலும் 10 வோல்ட் பக்கம் மேலே போகிறது, ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் எஸ்சிஆரைப் பாருங்கள். பிடி169 கிருஷ்ணகிரியில் கிடைக்காமல் நான் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போனபோது எம்சிஆர்100 வாங்கி வந்தேன். வேலைக்கு அது சரிதான், ஆனால் ஆனோடும் கேத்தோடும் இடம் மாறி இருக்கலாம், வாங்கியதன் டேட்டாஷீட்டில் கால் வரிசையைப் பாருங்கள்.   வரிசை மாறியிருப்பதை அதே ஓட்டையில் அப்படியே சொருகினால் ட்ரிப்பே ஆகாது.

எஸ்சிஆர் பிடிக்கிறது, ரிலே மட்டும் விழவில்லை

இதில் எனக்கு இரண்டு ராத்திரி போனது. ஆனோடு புள்ளியில் அளந்தால் 0.9 வோல்ட், அதாவது எஸ்சிஆர் நன்றாகப் பிடித்திருக்கிறது. ஆனால் ரிலே அப்படியே இழுத்துக்கொண்டு நிற்கிறது. காரணம் எளிது, கண்ணில் படத்தான் நேரமாகும். பிடித்த எஸ்சிஆர் ஒரு சுவிட்ச் போலப் பூஜ்யத்துக்கு இறங்காது, அதன் மேல் ஏறக்குறைய 0.8 முதல் 1 வோல்ட் வரை நிற்கும். பிசி547-ன் பேஸுக்கு 0.65 வோல்ட்டே போதும். மிச்சமிருக்கும் கால் வோல்ட் 4.7 கிலோஓம் வழியாக 50 மைக்ரோஆம்பியர் போலக் கொடுக்கும், டிரான்சிஸ்டர் அதை 200 மடங்காக்கினால் 10 மில்லிஆம்பியர். 400 ஓம் காயில் ரிலே இழுக்க 30 மில்லிஆம்பியர் தேவைதான், ஆனால் ஒருமுறை இழுத்துவிட்டால் பிடித்து வைத்துக்கொள்ள அதைவிட வெகு குறைவே போதும். அதனால்தான் விழவில்லை.

பேஸுக்குப் போகும் 4.7 கிலோஓமோடு இரண்டு 1என்4148 டயோடை வரிசையாகச் சேருங்கள், பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே ஒரு 10 கிலோஓம் போடுங்கள். இப்போது டிரான்சிஸ்டர் ஆன் ஆக ஆனோடு புள்ளியில் 2 வோல்ட் பக்கம் வேண்டும், எஸ்சிஆர் பிடித்தபின் அது வரவே வராது.

டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 12 வோல்ட் முழுதாக வந்தும் அவுட்புட் துண்டாகவில்லை என்றால் அது வேறு கோளாறு, கான்டாக்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது. அடிக்கடி ஷார்ட் செய்து காட்டிக்கொண்டிருந்தால் இது நடக்கும். பவர் இல்லாமல் ஓம் பார்த்து உறுதி செய்துவிட்டு ரிலேயை மாற்றுங்கள், தட்டி எடுத்து மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

ட்ரிப் ஆகும்போது ரிலே டகடகவென்று அடிக்கிறது

லாட்ச், அதாவது எஸ்சிஆரின் பிடி, நிற்கவில்லை. எஸ்சிஆர் பிடிக்கிறது, ரிலே விழுகிறது, கரண்ட் போனதும் எஸ்சிஆர் விட்டுவிடுகிறது, மறுபடி ரிலே இழுக்கிறது. பிடி169-க்கு ஹோல்டிங் கரண்ட் (பிடித்து நிற்கத் தேவையான குறைந்தபட்சக் கரண்ட்) 5 மில்லிஆம்பியர் வரை தேவைப்படலாம். ஆனோடில் 1 கிலோஓம் போட்டால் 11 மில்லிஆம்பியர் கிடைக்கும், தாராளம். கையில் இல்லை என்று 4.7 கிலோஓம் போட்டிருந்தால் 2.4 தான் வரும், நிற்காது.

ஸ்விட்ச் போட்டதுமே, லோடே இல்லாமல், ட்ரிப் ஆகிவிடுகிறது

பாட் முழுக்கக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். 47 ஓம் போடாமல் விட்டிருந்தால் கடைசிக் கோடியில் ரெஃபரன்ஸ் பூஜ்யம், பூஜ்யத்தில் எல்எம்358-ன் ஆஃப்செட்டே (ஒப்பிடுவதில் ஐசிக்கு இருக்கும் சில மில்லிவோல்ட் பிழை) அதைத் தட்டிவிடும். 47 ஓம் இருந்தால் 14 மில்லிவோல்ட்டாவது நிற்கும்.

அது சரியாக இருந்தால் கேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 1 கிலோஓமும் 100 நானோஃபாரட்டும் இருக்கின்றனவா பாருங்கள். ஸ்விட்ச் போடும் நொடியில் ஐசியின் அவுட்புட் ஒருமுறை துள்ளும், அதை இந்த இரண்டும் விழுங்கும். போதவில்லை என்றால் 100 நானோவை 1 மைக்ரோவாக்கலாம். நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: ரெஃபரன்ஸ் ஆடாமல் நிற்கட்டும் என்று பாட்டின் நடுக்காலில் 100 மைக்ரோஃபாரட் போட்டேன். அது சார்ஜ் ஆகும்வரை ரெஃபரன்ஸ் பூஜ்யத்தின் பக்கத்திலேயே நிற்கிறது, ஒவ்வொரு முறையும் ட்ரிப். அந்த இடத்தில் 100 நானோஃபாரட்டுக்கு மேல் வேண்டாம்.

2-ம் காலும் 3-ம் காலும் மாறியிருந்தாலும் இதே அறிகுறிதான். 1-ம் கால் லோடு இல்லாதபோதே மேலே நின்றால் அதைச் சந்தேகப்படுங்கள்.

லோடு மாட்டும் நொடியில் கட்டாகிறது, ஆனால் லோடில் பழுது இல்லை

பைக்கின் 12 வோல்ட் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றை மாட்டிப் பாருங்கள். எரியும்போது அது 1.75 ஆம்பியர்தான் எடுக்கும், ஆனால் குளிர்ந்த இழையின் ஓம் அதைவிடப் பல மடங்கு குறைவு, மாட்டும் நொடியில் பாயும் கரண்ட் 10 மடங்கு வரை போகும். ஸ்ப்ரேயர் மோட்டாரும் அப்படித்தான், உள்ளே 1000 மைக்ரோஃபாரட் இருக்கும் எந்த போர்டும் அப்படித்தான். இது கோளாறு இல்லை, சர்க்யூட் சொன்ன வேலையைச் செய்கிறது.

3-ம் காலில் இருந்து கிரவுண்டுக்கு ஒரு கெப்பாசிட்டர் வைத்துத் தாமதம் கொடுக்கலாம். 1 கிலோஓமோடு 100 நானோ என்றால் 0.1 மில்லிசெகண்ட், 1 மைக்ரோ என்றால் 1 மில்லிசெகண்ட், 10 மைக்ரோ என்றால் 10. நான் 1 மைக்ரோவை நிரந்தரமாக வைத்து, 10 மைக்ரோவை ஒரு சின்ன டாகிள் ஸ்விட்ச்சில் வைத்திருக்கிறேன், மோட்டார், பல்பு பார்க்கும்போது மட்டும் அதைப் போடுவேன். 10 மைக்ரோவை நிரந்தரமாக வைத்துவிடாதீர்கள். ரிலே விழவே சில மில்லிசெகண்ட் ஆகும், அதற்கு மேல் நீங்களும் தாமதம் சேர்த்தால் சின்ன டிரான்சிஸ்டர்கள் தாங்காது.

ட்ரிப் ஆகிறது, ஆனாலும் மாட்டிய எல்இடியோ ஐசியோ போய்விட்டது

டெர்மினலுக்குப் பக்கத்தில் எவ்வளவு பெரிய கெப்பாசிட்டர் போட்டிருக்கிறீர்கள்? அவுட்புட் சுத்தமாக இருக்கட்டும் என்று 1000 மைக்ரோஃபாரட் போட்டவர்கள் நிறைய. ஷார்ட் ஆகும்போது அந்தக் கெப்பாசிட்டர் தன்னிடம் இருப்பதை நேராக லோடில் கொட்டும், அந்தக் கரண்ட் ஷன்ட் வழியாக வருவதே இல்லை, சர்க்யூட்டுக்கு அது நடந்ததே தெரியாது. 12 வோல்ட்டில் 1000 மைக்ரோவில் 72 மில்லிஜூல் இருக்கும். 47 மைக்ரோ போட்டால் 3.4. எல்எம்338-க்கு அவுட்புட்டில் 25 மைக்ரோ அலுமினியம் இருந்தாலே போதும், 47 வைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செட் செய்த கரண்ட் ஒன்று, ட்ரிப் ஆவது வேறொன்று

எப்போதும் ஒரே அளவு தள்ளி இருக்கிறதா, அல்லது நேரத்துக்கு நேரம் மாறுகிறதா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே அளவு என்றால் வயர். சென்ஸ் வயரை ரெசிஸ்டரின் காலில் இருந்து எடுக்காமல் டெர்மினலில் இருந்தோ கெப்பாசிட்டரின் காலில் இருந்தோ எடுத்தால், நடுவில் இருக்கும் வயரும் ஷன்ட்டாகிவிடும். 0.5 சதுர மில்லிமீட்டர் வயர் 15 சென்டிமீட்டர் இருந்தால் ஏறக்குறைய 6 மில்லிஓம், 2 ஆம்பியரில் 12 மில்லிவோல்ட், அதாவது 120 மில்லிஆம்பியர் பிழை. 3-ம் காலுக்கான வயர் ஷன்ட்டின் மேல் காலில் (கருப்பு டெர்மினல் பக்கம்) இருந்து, எல்எம்358-ன் 4-ம் காலும் 47 ஓமின் கீழ் முனையும் ஷன்ட்டின் கீழ்க் காலில் இருந்து, இரண்டையும் முறுக்கிக் கொண்டுபோங்கள்.

கம்மி கரண்டில் மட்டும் தள்ளி இருந்தால் அது எல்எம்358-ன் ஆஃப்செட். 7 மில்லிவோல்ட் வரை இருக்கலாம், 0.1 ஓமில் அது 70 மில்லிஆம்பியர். 50 மில்லிஆம்பியரில் கட்டாக வேண்டும் என்று இந்த ஷன்ட்டிடம் கேட்பது நியாயமில்லை. 1 ஓம் ஷன்ட்டை நிரந்தரமாக வைத்து, பெரிய ரேஞ்சுக்கு ஒரு கனமான ஸ்விட்ச் மூலம் 0.1 ஓமை அதற்கு இணையாகச் சேருங்கள். ஸ்விட்ச்சில் தொடர்பு விட்டுப்போனாலும் கரண்ட் 1 ஓம் வழியாகத்தான் போகும், முன்கூட்டியே ட்ரிப் ஆகும், ஆபத்தில்லை.

நேரத்துக்கு நேரம் மாறினால் ரெஃபரன்ஸ் ஆடுகிறது. எங்கள் பக்கம் சாயங்காலம் எல்லாத் தோட்டத்திலும் போர் ஓடும்போது லைன் வோல்டேஜ் இறங்கும், பகலில் 1 ஆம்பியரில் ட்ரிப் ஆனது அப்போது 0.8-லேயே ஆனது. ரெஃபரன்ஸை 7812-க்கு முன்னால் இருந்து எடுத்திருந்தேன். 7812-க்குப் பின்னால் மாற்றிய பிறகும் அதிக லோடில் கொஞ்சம் ஆடியது. 2 ஆம்பியர் எடுக்கும்போது 4700 மைக்ரோவிலேயே 4 வோல்ட் போல ரிப்பிள் (வோல்டேஜ் ஏறி இறங்குவது) வரும், லைனும் இறங்கியிருந்தால் 7812-க்குத் தேவையான 14.5 வோல்ட் சில கணங்களில் கிடைக்காது. பிரிட்ஜில் இருந்து ஒரு 1என்4007, அதற்குப் பின்னால் 470 மைக்ரோஃபாரட், அதில் இருந்து 7812 என்று பிரித்தேன். பெரிய கெப்பாசிட்டர் இறங்கினாலும் இது தன் சார்ஜை வைத்துக்கொள்ளும். அதன் பிறகு பகலும் ராத்திரியும் ஒரே எண்.

பக்கத்தில் மோட்டார் ஸ்டார்ட் ஆனால் ட்ரிப் ஆகிறது

ஷன்ட்டில் ஒன்றும் நடக்கவில்லை, எஸ்சிஆரின் கேட்டுக்குக் காற்றில் வந்த துள்ளல் போதுமாக இருந்தது. கேட்டில் சொன்ன 1 கிலோஓம், 100 நானோ. எல்எம்358-ன் 8-க்கும் 4-க்கும் நேராக ஒட்டி ஒரு 100 நானோ. ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007. ஐசியின் பயன்படுத்தாத பாதியைத் தொங்கவிடாமல் 6-ஐ 7-லும் 5-ஐ கிரவுண்டிலும் சேர்ப்பது. இந்த நான்கோடு எனக்கு நின்றது.

வோல்டேஜ் போய்விடுகிறது, ஆனால் ரிலே விழவில்லை, கொஞ்ச நேரத்தில் தானாக வருகிறது

இது நம் சர்க்யூட் செய்வது இல்லை, எல்எம்338 சூட்டில் தன்னை மூடிக்கொள்கிறது. 22 வோல்ட் உள்ளே வந்து 5 வோல்ட் 2 ஆம்பியர் வெளியே போனால் 34 வாட் ஹீட் சிங்க்கில் இறங்குகிறது. பெரிய ஹீட் சிங்க், ஒரு ஃபேன்.

லோடு ஏற ஏற வோல்டேஜ் இறங்குகிறது, 2 ஆம்பியரில் 0.2 வோல்ட் குறைகிறது

எல்எம்338-ன் வோல்டேஜை செட் செய்யும் பாட்டின் கீழ் முனையைப் பெரிய கெப்பாசிட்டரின் நெகட்டிவில் கொடுத்திருப்பீர்கள். அதைக் கருப்பு டெர்மினல் பக்கத்துக்கு, ஷன்ட்டின் மேல் காலுக்கு மாற்றுங்கள். ஐசி அந்த இறக்கத்தையும் சேர்த்துச் சரிக்கட்டிவிடும்.

ரீசெட் அழுத்தினாலும் வரவில்லை

டெர்மினலில் மாட்டியதைக் கழற்றிவிட்டு அழுத்துங்கள். வந்தால் லோடில்தான் ஷார்ட் இருக்கிறது. பட்டன் எஸ்சிஆருக்குக் குறுக்கே இருப்பதால் அழுத்திப் பிடித்திருக்கும்வரை ரிலே இழுக்காது, விட்டபிறகுதான் இழுக்கும். பட்டனைப் பிடித்துக்கொண்டு ஷார்ட்டில் கரண்டைத் தள்ள யாராலும் முடியாது என்பதற்காகவே அப்படி வைத்தேன். பட்டனை வேறு இடத்தில் வைத்து 7812-ஐத் துண்டிக்கும்படி செய்திருந்தால், அதன் கெப்பாசிட்டர் இறங்கும்வரை எஸ்சிஆர் விடாது, கொஞ்ச நேரம் பிடித்திருக்க வேண்டும்.

எல்லாம் சரியான பிறகு, வாடிக்கையாளரின் போர்டை மாட்டுவதற்கு முன் நான் ஒரு சோதனை செய்வேன். 10 ஓம் ரெசிஸ்டரை மாட்டி, கட்டாஃப் பாட்டை 1 ஆம்பியரில் வைத்து, வோல்டேஜை மெதுவாக 5-ல் இருந்து ஏற்றிக்கொண்டே போவேன். 10 வோல்ட் பக்கத்தில் ரிலே விழ வேண்டும். பிறகு 5 வோல்ட்டுக்கு இறக்கி, ரீசெட் செய்து, இரண்டு டெர்மினலையும் ஒரு வயரால் தொட்டு எடுப்பேன். ஒரே ஒரு டக் சத்தம் கேட்க வேண்டும்.